எடைக்குப் போட்ட எத்தியோப்பிய வரலாறு: எங்க கல்லூரி நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நூலகக் குழுவுல இருக்குற பேராசிரியர்களுக்கும், நூலகர் மேடத்துக்கும், அந்தப் பட்டியல்ல கையெழுத்துப் போட்ட முதல்வர் ஐயாவுக்கும்,

இந்த லீவுல நம்ம நூலகத்துல ‘10 வருஷமா இஷ்யூ ஆகாத புத்தகங்கள்’னு ஒரு லிஸ்ட் எடுத்து, முதல் பக்கத்துல ரைட்-ஆஃப் சீல் குத்தி, சணல் கயித்தால கட்டுக்கட்டா கட்டி, குட்டியானைல ஏத்தி எடைக்குப் போட்டுட்டீங்க. ஆப்பிரிக்க வரலாறு இருந்த அலமாரி மொத்தமா காலி. நேர்ல வந்து கேட்டேன், ‘ரூல்படிதான் சார் பண்ணோம், யாரும் தொடாத புத்தகம், அதுவும் எத்தியோப்பியா, இங்க யாருக்கு சார் அது வேணும்’னு பதில் சொன்னீங்க. அதைக் கேட்டுட்டு சும்மா வீட்டுக்குப் போக என்னால முடியல. அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி இதை எழுதறேன்.

அந்தக் கட்டுல என்ன போச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். கெத்தாச்செவ் ஹைலேங்கற எத்தியோப்பிய அறிஞர் வேலை செஞ்ச, எத்தியோப்பியக் கையெழுத்துச் சுவடிகளோட விளக்க அட்டவணைல 4ஆம் தொகுதில இருந்து 8ஆம் தொகுதி வரைக்கும் அஞ்சு புத்தகம், எத்தியோப்பியாவுல பேசற அம்ஹாரிக் மொழில அவரே எழுதின ரெண்டு புத்தகம், தாதெஸ்ஸெ தம்ராத் எழுதின 1270 முதல் 1527 வரைக்குமான திருச்சபை, அரசு வரலாறு, அதுக்கு முந்தின காலத்தை 1270 வரைக்கும் எழுதின செர்கெவ் ஹப்லெ செலாஸியேயோட பெரிய புத்தகம் (இது ரெண்டுமே 1972ல வந்தது, ஒண்ணு முடியிற இடத்துல இன்னொண்ணு ஆரம்பிக்கும், சேர்த்துப் படிச்சாதான் ருசி), அப்புறம் பஹ்ரு ஸெவ்தேயோட நவீன எத்தியோப்பிய வரலாறு. எல்லாமே நான் கொடுத்தது. 2000க்கு அப்புறம் எத்தியோப்பியா புதுசு புதுசா பல்கலைக்கழகம் திறந்தப்ப தமிழ்நாட்டுல இருந்தும் கேரளாவுல இருந்தும் ஏகப்பட்ட வாத்தியாருங்க அங்க வேலைக்குப் போனோம், அதுக்கு முன்னாடி ஹைலே செலாஸி மன்னர் காலத்துலயும் நம்மாளுங்க போயிருக்காங்க, அப்படிப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். வோல்லோ பகுதில டெஸ்ஸேங்கற மலை ஊர்ல வரலாறு சொல்லிக் கொடுத்தேன். நான் கிளம்பறப்ப என்கூட வேலை பார்த்த ஒரு மூத்த எத்தியோப்பிய ஆசிரியர் அவர் சொந்தக் காசுல சேர்த்து வச்சிருந்த அந்த அஞ்சு தொகுதியையும் தூக்கி என் கைல கொடுத்து, உங்க ஊர்ப் பிள்ளைங்களும் எங்க வரலாறு படிக்கட்டும்னு சொன்னார். என்கிட்ட இருந்த துணிமணியை அங்கயே விட்டுட்டு பெட்டில இதை அடுக்கிக்கிட்டு வந்தேன், ஏர்போர்ட்ல வெயிட் சார்ஜும் கட்டினேன். இந்தக் கல்லூரில திரும்பச் சேர்ந்ததும் முதல் வேலையா நூலகத்துக்குத்தான் கொடுத்தேன், ரசீது இன்னும் இருக்கு.

‘இஷ்யூ ஆகலை’ங்கற காரணத்துக்கு வரேன். அந்த அட்டவணைத் தொகுதிகளை நீங்க ரெஃபரன்ஸ் செக்‌ஷன்ல வச்சிருந்தீங்க, அட்டைல சிவப்பு மையில ‘வெளியே கொடுக்கப்படாது’னு உங்க நூலக சீலே இருக்கு. வெளியே கொடுக்கவே கூடாதுன்னு வச்ச புத்தகம் எப்படிங்கய்யா இஷ்யூ ஆகும்? ஸ்லிப் காலியாத்தான இருக்கும். ஆனா மேஜைல உக்காந்து படிச்சாங்க, நான் பார்த்திருக்கேன். ஒரு எம்.ஏ. பொண்ணு அவங்க ஊர்ல ஒரு வைத்தியர் வீட்டுப் பரண்ல கிடந்த ஓலைச்சுவடிகளைப் பட்டியல் போட்டுத்தான் ப்ராஜெக்ட் பண்ணுச்சு, எப்படிப் பட்டியல் போடணும்னு மாதிரிக்கு எடுத்துக்கிட்டது கெத்தாச்செவோட தொகுதியைத்தான். ஒவ்வொரு சுவடிக்கும் அளவு என்ன, எத்தனை ஏடு, எந்த நூற்றாண்டுக் கையெழுத்து, உள்ள என்னென்ன நூல், ஒவ்வொண்ணும் எந்த வரில தொடங்குது, ஓரத்துல யார் என்ன குறிச்சு வச்சிருக்காங்க, யார் கைல இருந்து யார் கைக்குப் போச்சு, இதெல்லாம் அவர் எழுதியிருக்குற ஒழுங்கைப் பார்த்துப் பார்த்து அந்தப் பொண்ணு தமிழ்ல செஞ்சுச்சு. அந்த ப்ராஜெக்ட் நம்ம துறைலதான் இருக்கு, எடுத்துப் பாருங்க, பின்னாடி நன்றிப் பக்கத்துல அவர் பேர் இருக்கும்.

வெளியே கொடுக்கக்கூடிய மத்த புத்தகங்களும் ஏன் போகலைன்னு சொல்றேன். ஆப்பிரிக்க வரலாறுன்னு ஒரு விருப்பப் பாடம் நம்ம எம்.ஏ.ல இருந்துச்சு, ஆள் சேரலைன்னு அதை எடுத்தீங்க. பாடம் போனதும் அந்த அலமாரிப் பக்கம் போற பிள்ளைங்க குறைஞ்சாங்க. பிள்ளைங்க வரலைன்னு இப்ப புத்தகத்தையும் எடுத்துட்டீங்க. நாளைக்கு யாராச்சும் அந்தப் பாடத்தைத் திரும்ப வைக்கலாம்னு கேட்டா புத்தகமே இல்லையே சார்னு சொல்வீங்க, அதுவும் ரூல்படி சரியாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல தேடினாலும் கிடைக்காத மாதிரிதான் அந்தப் புத்தகங்களை ஏத்தியிருந்தீங்க. எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, முதல்ல வர்றது அவங்க பேரு, ரெண்டாவதா வர்றது அப்பா பேரு. நமக்கு இனிஷியல் இருக்குற மாதிரியேதான். கெத்தாச்செவ்ங்கறது அவர் பேர், ஹைலே அவங்க அப்பா பேர். அந்த ஊர் நூலகங்கள்லயும், இந்தத் துறைல வேலை செய்யிற வெளிநாட்டு ஆட்களும் கெத்தாச்செவ்னு அவர் பேர்லதான் வரிசைப்படுத்துவாங்க. நம்ம கேட்டலாக்ல அப்பா பேரை முன்னாடி போட்டு ‘ஹைலே’க்குக் கீழ, ஹைலே செலாஸி மன்னரைப் பத்தின புத்தகங்களோட கலந்து கிடந்துச்சு. தாதெஸ்ஸெயைத் தேடினா வராது, தம்ராத்னு தேடணும். அம்ஹாரிக் புத்தகத்துல அச்சிட்ட வருஷம் எத்தியோப்பியக் காலண்டர்படி இருக்கும், அது நம்ம வருஷத்துக்கு 7, 8 வருஷம் பின்னாடி ஓடும், அந்த எண்ணை அப்படியே ரிஜிஸ்டர்ல ஏத்தினதால புதுப் புத்தகமும் பழசா காட்டுச்சு. இதைத் திருத்தணும்னு நான் வேலைல இருந்தப்பவே எழுத்துல கொடுத்தேன். நம்ம பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேரைப் போட்டுட்டு வெளிநாட்டுல ஒவ்வொரு கவுன்டர்லயும் நின்னு விளக்கம் சொல்றவங்க நாம, நமக்கு இது சொல்லித்தான் தெரியணுமா?

சரி, யார் அந்த கெத்தாச்செவ்னு கேட்டீங்கல்ல, அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

1931ல ஷோவா பகுதில ஷென்கோராங்கற இடத்துல பொறந்தவர். அந்தக் காலத்துல அங்க படிப்புன்னா சர்ச் படிப்புதான், எழுத்து கத்துக்கிட்டு பைபிள்ல இருக்குற சங்கீதப் புத்தகம் முழுசையும் மனப்பாடம் பண்ணி, அப்புறம் இசை, செய்யுள்னு போகும், எல்லாமே கீஸ் மொழில. கீஸ் யாரும் வீட்டுல பேசற மொழி இல்ல, பேச்சு வழக்குல இருந்து போய்ப் பல நூற்றாண்டு ஆச்சு, ஆனா எத்தியோப்பியாவோட பழைய எழுத்து பூரா அதுலதான் இருக்கு. ஏனோக்கு நூல், யூபிலி நூல் மாதிரி பழைய யூத சமய நூல்கள் உலகத்துல வேற எந்த மொழிலயும் முழுசா இல்ல, கீஸ்ல மட்டும்தான் முழுசா மிஞ்சியிருக்கு, அவ்வளவு பெரிய சொத்து அது. கெத்தாச்செவ் அங்கிருந்து கெய்ரோ போய் 1957ல இறையியல் பட்டமும் பி.ஏ.வும் முடிச்சு, ஜெர்மனில ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துல 1962ல செமிட்டிக் மொழியியல்ல டாக்டர் பட்டம் வாங்கி, ஊருக்குத் திரும்பி அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்துல (அப்ப அதுக்கு ஹைலே செலாஸி பேர்) பாடம் எடுத்தார். வெளிநாட்டுலயே இருந்திருக்கலாம், இருக்கலை.

1974ல புரட்சி. மன்னரை இறக்கிட்டு டெர்க்ங்கற ராணுவக் குழு ஆட்சியைப் பிடிச்சது, அந்த வருஷம் நவம்பர்ல ரெண்டு முன்னாள் பிரதமர்கள் உட்படப் பழைய ஆட்சில இருந்தவங்க 60 பேர் அளவுக்கு விசாரணையே இல்லாம சுட்டுக் கொன்னாங்க. அந்தச் சமயத்துல ஆலோசனை சபைன்னு சிவிலியன்களை வச்சு ஒண்ணு நடந்துச்சு, அதுல கெத்தாச்செவும் இருந்தார், ராணுவம் செய்யிறது தப்புன்னு வாயைத் திறந்து பேசினார். 1975 அக்டோபர்ல சிப்பாய்ங்க அவர் வீட்டுக்கே வந்தாங்க. சுட்டாங்க. குண்டு முதுகுத்தண்டுல பாஞ்சு இடுப்புக்குக் கீழ செயல் போச்சு. அப்ப அவருக்கு 44 வயசு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் 45 வருஷத்துக்கு மேல சக்கர நாற்காலிதான்.

1976ல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்றார். அங்க காலேஜ்வில்னு ஒரு சின்ன இடம், பெனடிக்ட் சபைத் துறவிகளோட மடம் ஒண்ணு இருக்கு, போர் கீர்னு வந்தா பழைய சுவடியெல்லாம் அழிஞ்சு போயிடும்னு பயந்து 1965ல இருந்து உலகம் பூரா போய் மைக்ரோஃபில்ம் எடுத்துக்கிட்டிருந்தவங்க. எத்தியோப்பியத் திருச்சபையோட சேர்ந்து 1973ல அந்த நாட்டுச் சுவடிகளையும் படம் எடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க. சர்ச் சர்ச்சா, மடம் மடமா போய், புரட்சி நடந்தப்பவும் நிறுத்தாம, மொத்தம் 9000க்கும் மேல சுவடிகளைப் படம் எடுத்தாங்க. ஃபில்ம் சுருள் அமெரிக்காவுக்குப் போய்க் குவியுது, ஆனா உள்ள என்ன இருக்குன்னு உக்காந்து படிச்சுச் சொல்ல ஆள் வேணும். முதல் மூணு தொகுதியை வில்லியம் மேகோம்பர்ங்கற அறிஞர் போட்டார், 1979ல வந்த நாலாவதுல இருந்து கெத்தாச்செவ் கை. சிலது மேகோம்பரோட சேர்ந்து, சிலது தனியா. 1993ல பத்தாம் தொகுதி வர்றப்ப 5000 சுவடிக்கு அட்டவணை முடிஞ்சிருந்துச்சு.

ஐயா, அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுப் பாருங்க. தன்னைச் சுட்ட நாடு, திரும்பிப் போனா உயிருக்கு உத்தரவாதம் இல்லாத நாடு, அந்த நாட்டோட மலை உச்சி மடத்துல, ஏரிக்கரை சர்ச்சுல இருக்குற ஏடுகளை, பனி கொட்டுற ஊர்ல சக்கர நாற்காலில உக்காந்துக்கிட்டு ஃபில்ம் ரீடர்ல ஒவ்வொரு பக்கமா ஓட்டிப் படிக்கிறார். 1988ல மெக்கார்தர் ஃபெல்லோஷிப் கிடைச்சது, அமெரிக்காவுல அறிவுத்துறைல பெரிய கௌரவம் அது. அதுக்கப்புறமும் அதே ஊர், அதே வேலைன்னு கிடந்தார்.

நீங்க போட்ட கட்டுல அஞ்சாம் தொகுதி, 1981ல வந்தது, 1501ல இருந்து 2000 வரைக்கும் எண் கொண்ட சுவடிகள். அதுல 1832ன்னு ஒரு எண் இருக்கு. ஹைக் ஏரி மடத்துச் சுவிசேஷப் புத்தகம், 1280-81ல எழுதினது, அந்த மடத்தை வளர்த்த இயாசுஸ் மோஆவே மடத்துக்குக் கொடுத்தது. தேதி திட்டமா தெரிஞ்ச எத்தியோப்பியச் சுவடிகள்ல இவ்வளவு பழசு ரொம்பக் கொஞ்சம்தான். ஹைக் நான் வேலை பார்த்த டெஸ்ஸேக்கு வடக்கால பக்கத்துலதான், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு போயிருக்கேன். முன்னாடி தீவா இருந்த இடம், இப்ப கரையோட ஒட்டிக்கிச்சு. ஒரு வயசான துறவி துணில சுத்தின ஒரு தோல் புத்தகத்தைக் கொண்டுவந்து முழங்கால் மேல வச்சு, விரல் நுனியால பக்கத்தோட ஓரத்தை மட்டும் பிடிச்சுத் திருப்பினார். நடுவுல இருந்த எழுத்து பெருசா ஒரே சீரா இருந்துச்சு, ஆனா பிள்ளைங்க பார்த்தது அதை இல்ல, ஓரத்துல வேற மையில வேற கையெழுத்துல நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்ததைத்தான். அந்த ஊர்ல சுவிசேஷப் புத்தகந்தான் பத்திர ஆபீஸ் மாதிரி. நிலம் கொடுத்தது, மடத்துத் தலைவர் மாறினது எல்லாத்தையும் அதோட ஓரத்துலயும் வெத்துப் பக்கத்துலயும் எழுதி வச்சிடுவாங்க, புனிதப் புத்தகத்துல எழுதினதை யாரும் கிழிக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம். தாதெஸ்ஸெ தம்ராத் ஹைக் மடத்துத் தலைவர்களோட வரிசையை வச்சு 1970ல ஒரு கட்டுரை எழுதினார், அவரோட பெரிய புத்தகமும் இப்படிப்பட்ட குறிப்புகளையும் துறவிகள் வரலாற்றையும் வச்சுக் கட்டினதுதான். எழுத்து இல்லாத கண்டம், வரலாறு இல்லாத கண்டம்னு வெள்ளைக்காரன் சொல்லிக்கிட்டிருந்ததுக்கு இந்த ஆளுங்க ஏடு ஏடா பதில் சொன்னாங்க. தாதெஸ்ஸெ ஓரக் குறிப்புல இருந்து ஒரு அரசையே எழுதிக் காட்டினார், அந்த மாதிரிக் குறிப்பு எங்க எங்க இருக்குன்னு அடுத்து வர்றவங்களுக்கு கெத்தாச்செவ் வழி போட்டுக் கொடுத்தார். அந்த அஞ்சாம் தொகுதிதான் இன்னும் கிடைக்கல, அதைப் பத்திக் கீழ சொல்றேன்.

‘யாரும் படிக்காதது’ங்கற உங்க அளவுகோலுக்கு கெத்தாச்செவ் வாழ்க்கைல இருந்தே ஒரு பதில் இருக்கு. 15ஆம் நூற்றாண்டுல எஸ்திஃபானோஸ்னு ஒரு துறவி. கடவுளைத் தவிர யார் முன்னாடியும் விழுந்து கும்பிட மாட்டோம், ராஜா முன்னாடியும் மாட்டோம்னு சொன்ன கூட்டம் அவரோடது, தன் கையால உழைச்சுத்தான் சாப்பிடணும்னு வச்சிருந்தவங்க. அப்ப ஆண்ட ஸாரா யாகோப் (1434ல இருந்து 1468 வரைக்கும்) பெரிய ராஜா, நிறைய எழுதினவர், மாதாவுக்கும் சிலுவைக்கும் எல்லாரும் பணிஞ்சே ஆகணும்னு சட்டம் போட்டவர். எஸ்திஃபானோஸ் சிறைல செத்தார். அவர் சீடர்களை அடிச்சாங்க, மூக்கையும் நாக்கையும் அறுத்தாங்க, கல்லால அடிச்சுக் கொன்னாங்க. ராஜா பக்கத்து எழுத்துல இவங்க மாதாவோட எதிரிகள், அவ்வளவுதான். இவங்க பக்கத்துக் கதை இவங்க மடங்கள்ல, முக்கியமா எத்தியோப்பியாவோட வடக்குல இருக்குற டிக்ராய் பகுதில குண்டா குண்டேங்கற எட்டாக்கை மடத்துல ஏடா கிடந்துச்சு. தாதெஸ்ஸெ 1966லயே இவங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தொட்டுக் காட்டினார். கெத்தாச்செவ் அந்த ஏடுகளை முழுசா பதிப்பிச்சு, சாதாரண ஜனங்க படிக்கிற மாதிரி அம்ஹாரிக்ல மொழிபெயர்த்துப் போட்டார், 2006ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட எஸ்திஃபானோஸ் வரலாறு வெளிவந்துச்சு. 500 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கொல்லப்பட்டவங்க குரல் வெளிய கேக்க.

டெஸ்ஸேல என்கிட்ட படிச்ச ஒரு பையன் அந்த அம்ஹாரிக் புத்தகத்தை என் ரூம்ல உக்காந்து எனக்காக வரிக்கு வரி இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே வந்தான், விசாரணை நடக்குற இடம் வந்ததும் நிறுத்திட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு, எங்களுக்கு ஸ்கூல்ல ஸாரா யாகோப் பேரைச் சொல்லிக் கொடுத்தாங்க சார், இவங்க பேரைச் சொல்லலைன்னான். ரெண்டு பேரையும் தெரிஞ்சுக்கற உரிமை அந்தப் பையனுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, யாரும் வந்து கேக்காத ஒரு ஏட்டை ஒரு மடம் தூக்கிப் போடாம வச்சிருந்ததால வந்துச்சு. அந்தப் புத்தகமும் நீங்க எடைக்குப் போட்ட கட்டுல இருந்துச்சு.

‘இதெல்லாம் ஆன்லைன்ல இருக்கே சார்’னும் சொன்னீங்க. சுவடியோட படங்கள் நிறைய ஆன்லைன்ல இருக்கு, மினசோட்டாக்காரங்க இலவசமாவே போட்டிருக்காங்க, நல்ல விஷயம். ஆனா கீஸ் தெரியாத நம்ம பிள்ளைக்கு ஒரு தோல் பக்கத்தோட படத்தைக் காட்டினா என்ன புரியும்? எந்தச் சுவடில என்ன இருக்கு, அது ஏன் முக்கியம்னு மனுஷ மொழில சொல்றது அந்த அட்டவணைதான். அதுவும் இல்லாம ஆன்லைன்ல ஒண்ணைத் தேடணும்னா அது இருக்குன்னு முதல்ல தெரியணும். அலமாரில கண்ல பட்டுத்தான் நம்ம பிள்ளைங்களுக்கு அது இருக்குன்னே தெரிஞ்சது.

2020 நவம்பர்ல டிக்ராய்ல போர் ஆரம்பிச்சது, மசூதி, மடம் ரெண்டும் அடி வாங்கினதா செய்தி வந்துக்கிட்டே இருந்துச்சு, அல் நஜாஷி மசூதி இடிஞ்சு கிடந்த படத்தை உலகமே பார்த்துச்சு. குண்டா குண்டே மடத்தோட 200க்கும் மேல சுவடிகளை 2006லயே டிஜிட்டல்ல படம் எடுத்து வச்சிருந்தாங்க, அது எவ்வளவு பெரிய புண்ணியம்னு அப்பத்தான் எல்லாருக்கும் உறைச்சது. அந்தப் போர் நடக்குறப்பவே, 2021 ஜூன் 10ஆம் தேதி, கெத்தாச்செவ் நியூயார்க்ல காலமானார், 90 வயசு. அந்த வருஷக் கடைசில சண்டை தெக்க இறங்கி டெஸ்ஸே, கொம்போல்ச்சா வரைக்கும் வந்துச்சு, நான் பாடம் எடுத்த ஊர். எனக்குப் புத்தகம் கொடுத்த அந்த ஆசிரியரைப் பல வாரம் போன்ல பிடிக்கவே முடியல. கிடைச்சப்ப, அவர் நலமான்னு நான் கேக்குறதுக்குள்ள, நம்ம புத்தகம் பத்திரமா இருக்கான்னு அவர் கேட்டார். இந்தியாவுல ஒரு காலேஜ் லைப்ரரில பத்திரமா இருக்குன்னு சொன்னேன். அங்க போர்ல என்ன ஆகுமோன்னு பயந்தது போக, சண்டை சச்சரவு எதுவும் இல்லாத நம்ம ஊர்ல, ஏசி ரூம்ல மீட்டிங் போட்டு, அதை எடைக்குப் போட்டிருக்கோம். இப்ப அவருக்கு நான் என்ன சொல்றது? இதை மட்டும் குழுவுல இருக்குற ஒவ்வொருத்தரும் யோசிச்சுப் பாருங்க.

இடம் பத்தலைங்கறதை நான் மறுக்கல. நூலகத்துல மழைக்கு ஒழுகுது, ரேக் துருப்பிடிச்சிருக்கு, ஆள் கிடையாது, நூலகர் மேடம் தனி ஆளா இழுத்துக்கிட்டு கிடக்குறாங்க, இது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அதே ரேக்ல போட்டித் தேர்வு கைடு ஒரே புத்தகம் பத்துப் பதினஞ்சு காப்பி பழைய சிலபஸ்ல தூசி படிஞ்சு இன்னும் நிக்குது, அது இந்த லிஸ்ட்ல இல்ல. எதைக் கழிக்கிறதுன்னு முடிவு பண்றப்ப வரலாற்றுத் துறைல ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டுக் கேக்கல, அதுதான் எனக்குத் தாங்கல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. பழைய பேப்பர் கடைக்காரர் நல்ல மனுஷன், விஷயத்தைச் சொன்னதும் கட்டைப் பிரிச்சுத் தேட விட்டார். அட்டவணைல 4, 6, 7, 8 தொகுதிகளும் தாதெஸ்ஸெ புத்தகமும் கிடைச்சது, காசு கொடுத்து எடுத்துட்டு வந்து வீட்டுல வச்சிருக்கேன். அஞ்சாம் தொகுதி, அம்ஹாரிக் புத்தகம் ரெண்டு, செர்கெவ், பஹ்ரு இன்னும் கிடைக்கல. மீதிக் கட்டு அவர் குடோன்லயே இருக்கு, மில்லுக்கு லோடு போறதுக்குள்ள கல்லூரி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதமும் ரெண்டு ஆளும் அனுப்பி அதை மீட்டுத் தாங்க. ஒரு பேராசிரியர் கூட நின்னு பார்த்து எடுக்கணும், நானும் வரேன்.

நான் வச்சிருக்கறதை எல்லாம் பழைய அக்சஷன் நம்பர்லயே திரும்ப ஏத்தி ரெஃபரன்ஸ்ல வையுங்க, ரைட்-ஆஃப் சீலை முறைப்படி ரத்து பண்ணி முதல்வர் கையெழுத்துப் போடணும். எனக்குப் பணம் வேணாம். எழுத்தாளர் பேரை எத்தியோப்பிய வழக்கப்படி முதல் பேர்ல ஏத்துங்க, கெத்தாச்செவ், தாதெஸ்ஸெ, செர்கெவ், பஹ்ருன்னு. அச்சு வருஷத்தை நம்ம காலண்டருக்கு மாத்திப் போடுங்க. நூலகர் மேடத்தோட உக்காந்து ஒரு நாள்ல முடிச்சுக் கொடுக்க நான் தயார்.

ரெஃபரன்ஸ் புத்தகத்தை இஷ்யூ கணக்கு வச்சுக் கழிக்கறதை இன்னையோட நிறுத்தணும்னு குழு தீர்மானம் போடணும். இனி எந்தப் புத்தகத்தைக் கழிக்கறதா இருந்தாலும் அந்த லிஸ்ட்டை சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி, நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டி, 30 நாள் டைம் கொடுத்து, துறைத்தலைவர் எழுத்துல சம்மதிச்சாத்தான் செய்யணும். யாராவது நன்கொடையா கொடுத்ததா இருந்தா முதல்ல அவங்களுக்குத் தகவல் சொல்லணும், வேணாம்னா திருப்பிக் கொடுத்துடுங்க, நாங்க தலைல சுமந்துக்கிட்டாவது எடுத்துட்டுப் போறோம்.

முதல்வர் ஐயா, பாடத்திட்டக் கூட்டம் வரப்போகுது. ஆப்பிரிக்க வரலாறு விருப்பப் பாடத்தைத் திரும்ப வைக்கணும்னு நம்ம கல்லூரி சார்புல எழுதுங்க. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லைன்னு காரணம் வந்தா என் பேரைப் போடுங்க, சம்பளம் இல்லாம வாரத்துக்கு ரெண்டு வகுப்பு நான் எடுக்கறேன், எழுதியே தரேன்.

இதுக்கெல்லாம் வாய்ப் பதில் வேணாம், எழுத்துல வேணும், இந்த மாசக் கடைசிக்குள்ள. அதுக்கு முன்னாடி, நாளைக்கே, அந்தக் குடோனுக்கு ஆள் அனுப்புங்க.

இப்படிக்கு,
நம்ம கல்லூரி வரலாற்றுத் துறைல இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்